முட்டுநிலையும் அதன் நீக்கமும்: கணினித் தேக்ககச் செலுத்தி பற்றிய ஒரு பாடம்

“பைத்தியம் தெளிந்தாற் கல்யாணம், கல்யாணம் ஆனாற் பைத்தியம் தெளியும்” என்னும் பழமொழியை நம்மவர் நகைச்சுவையாகவே வழங்கி வருகின்றனர். ஆயின் அதனுள்ளே கணினி விஞ்ஞானத்தின் கடினமான வினாக்களுள் ஒன்று அடங்கிக் கிடக்கின்றது. ஒன்று நிகழ்வதற்கு மற்றது நிகழ்ந்திருத்தல் வேண்டும். அம்மற்றது நிகழ்வதற்கு முன்னையது நிகழ்ந்திருத்தல் வேண்டும். ஆகவே இரண்டும் ஒருகாலும் நிகழா. இந்நிலையைக் கணினி வல்லுநர் டெட்லொக் என்பர். யாம் இதனை முட்டுநிலை என வழங்குவோம்.

கணினியின் வன்றட்டை ஆளுகின்ற செய்நிரலில் முட்டுநிலை எங்ஙனம் தோன்றுகின்றது, அதனை எங்ஙனம் கண்டறிவது, எங்ஙனம் நீக்குவது என்பவற்றை உயர்தர வகுப்பு மாணவர் விளங்கிக்கொள்ளுமாறு எடுத்துரைப்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும். கணினி பயிலாத பழைய மாணவரும் இடர்ப்பாடின்றி வாசிக்கும்பொருட்டு உவமைகள் நம் களப்புநாட்டிலிருந்தே எடுக்கப்பட்டுள்ளன.

1. தோணியும் வலையும்

வாகரைக் களப்போரத்தில் இரு குடும்பத்தார் ஒரு தோணியையும் ஒரு வலையையும் பொதுவில் வைத்துத் தொழில் செய்வதாக எண்ணிக்கொள்வோம். மீன் பிடிப்பதற்கு இரண்டும் வேண்டும். ஒருநாள் வைகறையில் மூத்தவர் தோணியை அவிழ்த்துக்கொண்டு வலை வருமளவும் காத்திருக்கின்றார். இளையவர் வலையைத் தோளிலிட்டுக்கொண்டு தோணி வருமளவும் காத்திருக்கின்றார். இருவரும் சோம்பேறிகளல்லர், பிறர் பொருளைப் பறிப்பவருமல்லர். தனித்து நோக்கின் ஒவ்வொருவர் செயலும் முறையானதே. எனினும் பொழுது ஏறுகின்றது. ஒரு மீனும் படவில்லை.

நெதர்லாந்து நாட்டு அறிஞர் எட்ஸ்கர் டைக்ஸ்ட்ரா 1965ஆம் ஆண்டில் இந்நிலையைச் சாவுத் தழுவல் என்னும் பொருள்படப் பெயரிட்டு ஆராய்ந்தார். பின்னர் 1971இல் கொஃப்மன், எல்ஃபிக், ஷொஷானி என்னும் மூவர், முட்டுநிலை தோன்றுதற்கு நான்கு நிபந்தனைகள் ஒருங்கே அமைதல் வேண்டும் எனக் காட்டினர். அவையாவன:

முதலாவது, தனியுரிமை. ஒரு பொருளை ஒரு நேரத்தில் ஒருவரே கைக்கொள்ளலாம்.
இரண்டாவது, கைக்கொண்டு காத்தல். ஒன்றை விடாமற் பிடித்துக்கொண்டே மற்றொன்றுக்குக் காத்திருத்தல்.
மூன்றாவது, பறிக்கப்படாமை. கைக்கொண்டவர் தாமாக விட்டாலன்றிப் பொருள் பிறரைச் சேராது.
நான்காவது, வட்டக் காத்திருப்பு. முதலாமவர் இரண்டாமவரையும், இரண்டாமவர் அடுத்தவரையும், இறுதியில் நிற்பவர் முதலாமவரையும் நோக்கிக் காத்திருத்தல்.

இந்நான்கனுள் ஒன்றை உடைத்தாற் போதும், முட்டுநிலை தோன்றாது. எதனை உடைப்பது எளிது என்பதே செய்நிரலாளரின் ஆராய்ச்சி.

பெரும்பான்மையும் உடைக்கப்படுவது நான்காவது நிபந்தனையே. ஐ.பி.எம். நிறுவனத்தைச் சேர்ந்த ஹாவெண்டர் 1968இல் எழுதிய கட்டுரையில் இம்முறையை விளக்கினார். பொருள்களுக்கு வரிசையெண் இட்டு, யாவரும் சிறிய எண்ணுடையதை முன்னும் பெரிய எண்ணுடையதைப் பின்னுமே எடுத்தல் வேண்டும் என விதிப்பதே அம்முறை. தோணிக்கு 1, வலைக்கு 2 என்க. தோணியைக் கைக்கொள்ளாதவர் வலையைத் தொடலாகாது. இவ்விதியின்படி இளையவர் வெறுங்கையுடன் தோணிக்குக் காத்திருப்பார்; மூத்தவர் இரண்டையும் பெற்றுத் தொழில் முடித்துத் திரும்புவார்.

இதற்கு நிறுவல் மிக எளிது. விதிப்படி நடக்கும் எவரும் தாம் கைக்கொண்டுள்ள எண்களிலும் பெரிய எண்ணுக்கே காத்திருப்பர். அவ்வெண்ணைக் கைக்கொண்டவரும் காத்திருப்பாராயின் அவர் அதனினும் பெரிய எண்ணுக்கே காத்திருப்பர். இங்ஙனம் தொடர்ந்து சென்றால் எண் ஏறிக்கொண்டே போகும். வட்டமாயின் புறப்பட்ட எண்ணுக்கே மீளுதல் வேண்டும். ஏறிக்கொண்டே போவது புறப்பட்ட இடத்துக்கு மீளாது. ஆதலின் வட்டம் இல்லை. வட்டம் இல்லாதவிடத்து முட்டுநிலையும் இல்லை.

2. மோதாமை வேறு, முட்டாமை வேறு

வாகரைக்குப் புகையிரதப் பாதை இல்லை. புகையிரதம் ஏற விரும்புவோர் வாழைச்சேனைப் பக்கம் வருதல் வேண்டும். மட்டக்களப்புக்குச் செல்லும் அப்பாதை ஒற்றைப் பாதை. எதிரெதிரே வரும் வண்டிகள் மோதாதிருக்கும்பொருட்டு ரப்லெட் எனப்படும் உலோக வில்லை முறை இலங்கைப் புகையிரதத்திற் கையாளப்பட்டு வந்துள்ளது. அடுத்தடுத்த இரு நிலையங்களிலுமுள்ள கருவிகள் மின்னினால் இணைக்கப்பட்டுள்ளன. ஒரு வில்லை வெளியே எடுக்கப்பட்டிருக்கும்வரை இரு கருவிகளிலிருந்தும் வேறு வில்லை வெளிவராது. வில்லை கையில் இல்லாத சாரதி அப்பகுதிக்குள் வண்டியைச் செலுத்தலாகாது. இதுவே தனியுரிமை, கணினி நூலார் இதனைப் பூட்டு என்பர்.

வில்லை முறை மோதலைத் தடுக்கும். முட்டுநிலையைத் தடுக்குமோ? இரண்டே தண்டவாளங்கள் உடைய ஒரு நிலையத்தைக் கற்பனை செய்க. கிழக்கே செல்லவேண்டிய இரு வண்டிகள் அவ்விரண்டிலும் நிற்கின்றன. கிழக்கிலிருந்து மூன்றாவது வண்டியொன்று வில்லையுடன் வந்து நிலையத்துக்கு வெளியே நிற்கின்றது. அதற்கு உள்ளே இடமில்லை. உள்ளே நிற்கும் வண்டிகளுக்கோ வெளியே செல்ல வில்லையில்லை. ஒருவரும் விதியை மீறவில்லை. ஒரு வண்டியும் மோதவில்லை. ஒரு வண்டியும் அசையவுமில்லை. இனி, உள்ளே நிற்பவற்றுள் ஒன்றை மேற்கே பின்னோக்கி நகர்த்தி இடம் விடுதலே வழி. அஃதாவது மூன்றாவது நிபந்தனையை உடைத்து, பெற்ற இடத்தைப் பறித்தல். இதனினும் சிறந்தது, இரு தண்டவாளங்களும் ஒரே திசை வண்டிகளால் நிரம்புமாறு கட்டுப்பாட்டாளர் முதலிலேயே விடாதிருத்தல்.

பூட்டு இடுவதால் தரவு கெடாதிருத்தல் ஒரு குணம். வேலை முன்செல்லுதல் மற்றொரு குணம். முன்னையதைப் பெற்றுவிட்டதாலேயே பின்னையதும் வந்துவிட்டதென எண்ணுதல் பிழை. இதனை மாணவர் நன்கு மனத்திற் பதித்தல் வேண்டும்.

3. செலுத்தி என்பது யாது?

கணினியின் வன்பொருள்களை ஆண்டு, ஏனைய செய்நிரல்களுக்கு அவற்றைப் பகிர்ந்தளிப்பது பணிசெயல் முறைமை. அதனுள் ஒவ்வொரு சாதனத்தின் தனிமொழியையும் அறிந்து பேசும் பகுதி சாதனச் செலுத்தி. வன்றட்டுக்குரிய செலுத்தியைத் தேக்ககச் செலுத்தி என்போம்.

சுழலும் வன்றட்டு ஒரு தரவை எடுத்துத்தரச் சில மில்லிசெக்கன்கள் செல்லும். அதற்குள் முறைவழியாக்கி பல இலட்சம் கட்டளைகளை நிறைவேற்றிவிடும். ஆதலின் அது வன்றட்டைப் பார்த்துக்கொண்டிராமல், வேண்டுகோளை ஒரு வரிசையில் இட்டுவிட்டுப் பிற பணிக்குச் செல்லும். வன்றட்டு வேலை முடித்தவுடன் மணியடித்தாற்போல ஒரு சைகை அனுப்பும். இச்சைகைக்கு இடைமறிப்பு என்று பெயர். முறைவழியாக்கி கையிலுள்ள பணியை அந்த இடத்திலேயே நிறுத்தி, இடைமறிப்புக்குரிய பகுதியை ஓட்டி முடித்தபின்னரே பழைய பணிக்கு மீளும்.

ஒரே வரிசையைப் பலர் தொடுவதால் அதற்குப் பூட்டு வேண்டும். லினஸ் டோர்வால்ட்ஸ் 1991இல் வெளியிட்ட லினக்ஸ் முறைமையின் வரலாறு இங்கு நல்ல பாடமாகும். ஒன்றுக்கு மேற்பட்ட முறைவழியாக்கிகளை அது 1996இல் வெளிவந்த 2.0ஆம் பதிப்பில் ஏற்றபோது, கேர்னல் எனப்படும் கருப்பகுதி முழுவதற்கும் பெரும்பூட்டு ஒன்றே இருந்தது. ஒரு பூட்டே உள்ள வீட்டில் எதனை முன் திறப்பது என்னும் வினா எழாது. ஆயின் யாவரும் ஒரே வாயிலிற் காத்து நிற்பர். வேகத்தை நாடி அப்பெரும்பூட்டு படிப்படியாகச் சிறு பூட்டுகளாகப் பிரிக்கப்பட்டு, 2011இல் 2.6.39ஆம் பதிப்பில் முற்றாக நீக்கப்பட்டது. பூட்டுகள் பெருகவே வேகம் பெருகிற்று. முட்டுநிலைக்கான வாய்ப்பும் உடன்பெருகிற்று.

4. மூன்று பிழைகளும் மூன்று திருத்தங்களும்

தேக்ககச் செலுத்திகளில் மீண்டும் மீண்டும் காணப்படும் பிழைவகைகளுள் மூன்றை எடுத்துக்கொள்வோம்.

முதலாவது, தன்னைத் தானே தடுத்தல். சுழல்பூட்டு என்றொரு வகை உண்டு. அது கிடைக்கும்வரை முறைவழியாக்கி உறங்காது, அதே இடத்திற் சுற்றிச்சுற்றிக் கேட்டுக்கொண்டிருக்கும். செலுத்தி வரிசையின் சுழல்பூட்டை எடுத்து வேண்டுகோள் ஒன்றை இட்டுக்கொண்டிருக்கையில், அதே முறைவழியாக்கியில் இடைமறிப்பு வந்துவிடுகின்றது. முடிந்த வேண்டுகோளை வரிசையிலிருந்து நீக்க அதுவும் அப்பூட்டையே கேட்கின்றது. பூட்டை வைத்திருக்கும் பணியோ இடைமறிப்பு முடிந்தாலன்றி ஓடாது. இடைமறிப்போ பூட்டு கிடைத்தாலன்றி முடியாது. இருவர் தேவையில்லை, ஒருவரே போதும்.

திருத்தம் யாதெனின், பூட்டைக் கைக்கொள்ளும் சிறு நேரத்துக்கு அம்முறைவழியாக்கியில் இடைமறிப்பை அடைத்துவைத்தல். லினக்ஸில் இதற்கெனவே ஸ்பின்_லொக்_ஐஆர்கியூசேவ் என்னும் கட்டளை உண்டு. முன்னிருந்த நிலையைக் குறித்துவைத்து, பூட்டை விடும்போது அந்நிலையையே மீட்டுத் தருவது அதன் சிறப்பு. அழைத்தவர் முன்னரே இடைமறிப்பை அடைத்திருப்பாராயின், நாம் முடிவில் அதனைத் திறந்துவிடுதல் புதியதொரு பிழையாகும்.

இரண்டாவது, எதிர்வரிசை. வழக்கமான பாதையிற் செலுத்தி முதலில் வரிசைப்பூட்டையும் பின்னர் சாதனப்பூட்டையும் எடுக்கின்றது. சாதனம் விடையளிக்கத் தவறினால் மீட்சிப் பகுதி தொழிற்படும். அது சாதனப்பூட்டை முதலில் எடுத்து, சாதனத்தைப் புதிதாகத் தொடக்கி, முடியாத வேண்டுகோள்களைத் திரும்ப வரிசையில் இடுவதற்கு வரிசைப்பூட்டைக் கேட்கின்றது. தோணியும் வலையும் இங்கே மீண்டும் வந்துவிட்டன. மீட்சிப் பகுதி அரிதாகவே ஓடுவதாற் சோதனையில் இப்பிழை அகப்படாது. வன்றட்டுப் பழுதுபடும் இக்கட்டான வேளையிலேயே வெளிப்படும்.

திருத்தம்: மீட்சிப் பகுதி சாதனப்பூட்டின் கீழ், ‘மீட்சி நடைபெறுகின்றது’ என்னும் குறியை முதலில் இடுதல் வேண்டும். முடியாத வேண்டுகோள்களைத் தனக்கெனவுள்ள ஒரு பட்டியலுக்கு மாற்றி, சாதனப்பூட்டை விட்டுவிட்டு, அதன்பின்னரே வரிசைப்பூட்டை எடுத்து அவற்றைத் திரும்ப இடுதல் வேண்டும். குறி இடாது பூட்டை விட்டால் இடைவெளியிற் புதிய வேண்டுகோள் சாதனத்துக்குச் சென்று குழப்பம் விளைக்கும். குறி முன்னே, விடுதல் பின்னே என்க. பிறிதொரு பணி முடியும்வரை காத்திருத்தலும் ஒருவகைப் பூட்டே என்பதையும் மறத்தலாகாது. அப்பணிக்கு வேண்டிய பூட்டை நாம் வைத்துக்கொண்டு அது முடியட்டும் என்று காத்திருந்தால் விளைவு ஒன்றே.

மூன்றாவது, நினைவகப் பசி. இதுவே மிக நுண்ணியது. வெளிப்படையான பூட்டு எதுவும் இதில் இராது. வேண்டுகோளை அனுப்பச் செலுத்திக்குச் சிறிதளவு நினைவகம் வேண்டும். நினைவகம் நிரம்பியிருப்பின், பணிசெயல் முறைமை பழைய பக்கங்களை வன்றட்டில் எழுதி இடத்தை விடுவிக்க முனையும். வன்றட்டில் எழுதவோ அதே செலுத்தி வேண்டும். செலுத்தி நினைவகத்துக்குக் காத்திருக்க, நினைவகம் செலுத்திக்குக் காத்திருக்கும். பழமொழியின் பைத்தியமும் கல்யாணமும் இவையே.

இதற்குத் திருத்தம் இரண்டு. முதலாவது, நினைவகம் கேட்கும்போதே ‘இதனைத் தருவதற்காக வன்றட்டை நாடலாகாது’ என நிபந்தனையிடல். லினக்ஸில் ஜிஎஃப்பி_நோஐஓ என்னும் குறி இதனைச் செய்யும். இரண்டாவது, முன்னதாகவே சிறுபங்கு நினைவகத்தை ஒதுக்கி வைத்தல். இது மெம்பூல் எனப்படும். நம் கமக்காரர் எவ்வளவு பஞ்சம் வரினும் விதைநெல்லைக் குற்றி உண்பதில்லை. அந்நெல் இருக்கும்வரை அடுத்த போகம் உண்டு. அங்ஙனமே ஒதுக்கிவைத்த நினைவகத்தால் ஒரு வேண்டுகோளேனும் முன்செல்லும், அது முடிந்ததும் அந்நினைவகம் ஒதுக்கிடத்துக்கு மீளும், அடுத்தது செல்லும். மெதுவாயினும் வேலை நில்லாது.

5. நோயறியும் முறை

முட்டுநிலையுற்ற கணினி இறந்துவிட்டதாகத் தோற்றாது. சுட்டி அசையும், வன்றட்டைத் தொடாத செய்நிரல் ஓடும், தொட்டது மட்டும் உறைந்துவிடும். அதனைக் கட்டாயமாக முடிவுறுத்தும் கட்டளையும் பயனளிப்பதில்லை. லினக்ஸில் அத்தகைய பணிகளின் நிலை ‘டி’ என்னும் எழுத்தாற் காட்டப்படும். முறைவழியாக்கி ஓய்ந்திருக்கையிற் சுமையெண் மட்டும் ஏறுமாயின் உறங்கிக் காத்திருக்கும் முட்டுநிலையை ஐயுறுக. முறைவழியாக்கி முழுவேகத்தில் ஓடியும் பயனின்றேல் சுழல்பூட்டை ஐயுறுக.

120 செக்கன்களுக்கு மேல் அசையாது கிடக்கும் பணியை லினக்ஸ் வழக்கமாகவே பதிவேட்டிற் குறிக்கும். அப்பதிவு, பணி எவ்விடத்தில் நிற்கின்றது, யார் யாரை அழைத்து அங்கு வந்தது என்பவற்றைக் காட்டும். இவற்றை வைத்துக்கொண்டு ஒரு தாளை எடுத்து, ஒவ்வொரு பணிக்கும் ‘கைக்கொண்டது’, ‘காத்திருப்பது’ என இரு நிரல்கள் வரைக. பணியிலிருந்து அது காத்திருக்கும் பொருளுக்கும், பொருளிலிருந்து அதனைக் கைக்கொண்ட பணிக்கும் அம்புக்குறி இடுக. அம்புகள் வட்டமாக மூடினால் நோய் உறுதி.

நிகழுமுன்னரே எச்சரிக்கும் கருவியும் உண்டு. இங்கோ மொல்னார் ஆக்கிய லொக்டெப் 2006இல் லினக்ஸின் 2.6.18ஆம் பதிப்பிற் சேர்ந்தது. பூட்டுகள் எடுக்கப்படும் வரிசைகளை அது நினைவில் வைத்திருக்கும். திங்கட்கிழமை ஒருவர் தோணியை முன்னும் வலையைப் பின்னும் எடுத்ததையும், செவ்வாய்க்கிழமை வேறொருவர் வலையை முன் எடுத்ததையும் கண்டால், அவ்விருவரும் ஒருநாளும் எதிர்ப்படாவிடினும் ‘ஆபத்து’ என்று கூறும். ஆயின் ஓடிய பாதையையே அது அறியும். ஓடாத மீட்சிப் பாதையை நாமே வலிந்து ஓட்டிப் பார்த்தல் வேண்டும்.

6. தவிர்க்கத்தக்க போலி மருந்துகள்

இடையிற் சிறு தாமதத்தைச் செருகினால் நோய் மறைந்ததுபோலத் தோன்றும். வேகமான கணினி வந்ததும் மீண்டும் தோன்றும். பூட்டையே அகற்றிவிட்டால் உறைதல் நீங்கும். அதனிடத்தில் தரவு சத்தமின்றிக் கெடும். உறைந்த கணினி தன் குறையைச் சொல்கின்றது. கெட்ட தரவு சொல்வதில்லை. ஆதலின் இது மருந்தன்று, நஞ்சு.

பூட்டு கிடையாவிடின் கைக்கொண்டதையும் விட்டு மீள முயல்தல் என்பது முறையான வழியே. எனினும் அதிலும் ஒரு பொறி உண்டு. 1924இல் திறக்கப்பட்ட பழைய கல்லடிப் பாலத்தை நினைவிற் கொள்க. ஒடுங்கிய அப்பாலத்தின் நடுவே இரு வண்டிகள் சந்தித்து, இரண்டும் மரியாதையுடன் பின்வாங்கி, இரண்டும் ஒரே கணத்தில் மீண்டும் ஏறினால், ஓட்டம் மிகுதி, பயணம் இல்லை. ஆகவே யார் முந்துவது என்னும் விதியும் வேண்டும்.

2013இல் அருகே புதிய கல்லடிப் பாலம் திறக்கப்பட்டதும் அவ்வினாவே எழாதாயிற்று. தனியுரிமை என்னும் முதல் நிபந்தனையே அங்கு உடைந்தது. தேக்ககச் செலுத்தியிலும் இஃதே நிகழ்ந்தது. 2014ஆம் ஆண்டுத் தொடக்கத்தில் வெளிவந்த லினக்ஸ் 3.13ஆம் பதிப்பில், ஒவ்வொரு முறைவழியாக்கிக்கும் தனித்தனி வரிசை அளிக்கும் அமைப்புச் சேர்க்கப்பட்டது. பகிராத வரிசைக்குப் பொதுப்பூட்டு வேண்டுவதில்லை. சிறந்த பூட்டு எதுவெனின், இடவேண்டிய தேவையே எழாத பூட்டு என்க.

7. முடிவுரை

இத்துணை நுணுக்கம் எதற்கு என்று சிலர் வினவக்கூடும். ஒரு செய்நிரல் ‘சேமித்துவிட்டேன்’ என்று கூறிய பின்னரும் தரவு சிறிது நேரம் நினைவகத்திலேயே தங்கியிருக்கும். செலுத்தி அவ்வேளையில் உறைந்து, பொறுமையிழந்தவர் மின்னைத் துண்டிப்பாராயின், எழுதாத அனைத்தும் மறையும். கோப்பு முறைமையின் நாட்குறிப்புப் பதிவு வன்றட்டின் கட்டமைப்பைக் காக்கும். எழுதப்படாததை அது மீட்டுத் தராது. மறைவது மருத்துவமனையொன்றின் நோயாளர் பதிவாக இருக்கலாம். கூட்டுறவுச் சங்கத்தின் அன்றைய வரவாக இருக்கலாம். மாணவரின் பரீட்சைப் புள்ளியாகவும் இருக்கலாம். இவற்றை நம்பி வாழ்வோர் பூட்டையும் அறியார், வரிசையையும் அறியார். அறிந்தவர் மீதே பொறுப்பு முழுவதும் தங்குகின்றது.

லினக்ஸின் மூலச் செய்நிரல் யாவர்க்கும் திறந்து கிடக்கின்றது. வாகரையில் இருந்து வாசிப்பவருக்கும் ஹெல்சிங்கியில் இருந்து வாசிப்பவருக்கும் அதில் வேறுபாடில்லை. மாணவர் ஒரு சிறு செலுத்தியை எடுத்து, எப்பூட்டை முன் எடுக்கின்றது, எதனைப் பின் எடுக்கின்றது என்று தாளில் எழுதிப் பழகுவாராக. அதற்குத் துணையாக மூன்று வினாக்களை இங்கே வைக்கின்றோம்.

(அ) தோணி, வலை, துடுப்பு என மூன்று பொருள்களும் மூன்று மீனவரும் உளர். ஒவ்வொருவர்க்கும் இரண்டு பொருள்கள் வேண்டும். முட்டுநிலை தோன்றும் ஒழுங்கு ஒன்றையும், அதனைத் தடுக்கும் எண்வரிசை ஒன்றையும் எழுதுக.

(ஆ) மேற்கூறிய புகையிரத நிலையத்தில் மூன்றாவது தண்டவாளம் ஒன்று இடப்பட்டால் முட்டுநிலை முற்றாக நீங்குமா? உம் விடைக்குக் காரணம் கூறுக.

(இ) ஒரே ஒதுக்கிடத்திலிருந்து ஒரு வேண்டுகோளுக்காக இரண்டு பங்குகளை ஒன்றன்பின் ஒன்றாக எடுக்கும் செலுத்தி, விதைநெல் இருந்தும் பட்டினி கிடக்க நேரும். அஃது எங்ஙனம் என விளக்கி, நான்கு நிபந்தனைகளுள் எதனை உடைத்தால் அது நீங்கும் எனக் காட்டுக.